இயல்புநிலைக்குத் திருப்புதல்: ஒரு மறுப்பு

விண்டோஸ் இயங்கும் மேசைக் கணினியில் ஏதேனும் ஒரு வசதி முடங்கி, அதை நிர்வாகி தடுத்திருப்பதாகவோ சில அமைப்புகளை நிறுவனம் நிர்வகிப்பதாகவோ திரையில் ஓர் அறிவிப்பு தோன்றும்போது, பழுது நீக்குவோரும் கையேடு எழுதுவோரும் தரும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: கொள்கை அமைப்புகள் அனைத்தையும் மொத்தமாக இயல்புநிலைக்குத் திருப்பிவிட வேண்டும் என்பதே அது. இதற்கென ஒரு செய்முறையும் நிலைபெற்றுவிட்டது. சிஸ்டம்32 என்னும் கோப்புறைக்குள் மறைந்திருக்கும் குரூப்பாலிசி, குரூப்பாலிசியூசர்ஸ் ஆகிய இரு கோப்புறைகளையும் கட்டளை வரியிலிருந்து அழிப்பது, பாதுகாப்பு அமைப்புகளைக் கையாளும் செக்எடிட் என்ற கருவியைக் கொண்டு டீஃபால்ட்பேஸ் என்னும் வார்ப்புருவைக் கணினியின் மேல் ஏற்றுவது, இறுதியில் ஜிபிஅப்டேட் கட்டளையை இட்டுக் கணினியை மறுதொடக்கம் செய்வது என்பதே அச்செய்முறை. மூன்று வரிகளில் முடிந்துவிடுவதாலும், பல நேரங்களில் கண்முன் இருந்த அறிவிப்பு மறைந்துவிடுவதாலும், இது பாதுகாப்பானது, முழுமையானது, கணினியை வாங்கிய நாளின் நிலைக்கே கொண்டுசெல்வது என்ற நம்பிக்கை பரவியிருக்கிறது. இந்த நம்பிக்கையின் மூன்று உரிமைகோரல்களில் ஒன்றுகூட, விண்டோஸ் உண்மையில் இயங்கும் முறையோடு பொருந்துவதில்லை.

கொள்கை என்பது பயனர் தம் விருப்பப்படி மாற்றிக்கொள்ளும் சாதாரண அமைப்பிலிருந்து வேறுபட்டது. நிர்வாகி விதிப்பது, பயனர் மாற்ற முடியாதபடி இயங்குதளம் காப்பது. 1995-இல் வெளிவந்த விண்டோஸ் 95-உம் அதற்கு அடுத்த ஆண்டு வந்த என்டி 4.0-உம் இதற்கென 'சிஸ்டம் பாலிசி' என்ற முறையைக் கொண்டிருந்தன. அதில் நிர்வாகி விதித்தவை, இயங்குதளமும் மென்பொருள்களும் தம் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் தரவுத்தளமான ரெஜிஸ்ட்ரியில் நேரடியாக எழுதப்பட்டு, கொள்கைக் கோப்பை நீக்கிய பின்னரும் அங்கேயே தங்கிவிடும். நிர்வாகிகள் இதைப் பச்சை குத்துதல் என்றே குறிப்பிட்டார்கள். எதிர்மாறான மதிப்பை எழுதினாலொழிய அது அகலாது. 2000-இல் விண்டோஸ் 2000-உடன் வந்த குரூப் பாலிசி இக்குறையைக் களைய முனைந்தது. கணினிக்கு இரண்டு, பயனருக்கு இரண்டு என ரெஜிஸ்ட்ரியில் நான்கு கிளைகள் கொள்கைகளுக்கென ஒதுக்கப்பட்டன. அவற்றில் எழுத சாதாரணப் பயனருக்கு உரிமை இல்லை. எந்தக் கொள்கைக் கோப்பு ஒரு மதிப்பை எழுதியதோ அந்தக் கோப்பு நீங்கினால் மதிப்பும் நீங்கும்படி வடிவமைக்கப்பட்டது. மொத்தமாகத் திருப்பும் செய்முறை இந்த இரண்டாவது வடிவமைப்பை மட்டுமே மனத்தில் கொண்டது. ஆனால் இன்றைய கணினியிலும் பழைய வகைத் தழும்புகள் ஏராளம். ஒதுக்கப்பட்ட நான்கு கிளைகளுக்கு வெளியே எழுதும் வார்ப்புருக்கள் இன்னும் உண்டு. அவை எழுதியவை கோப்புறையை அழிப்பதால் அழிவதில்லை.

அந்தக் கோப்புறைகளுக்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்பதைப் பார்த்தாலே செய்முறையின் எல்லை விளங்கும். நிர்வாக வார்ப்புருக்கள் என்ற பிரிவில் ஜிபிஎடிட் தொகுப்பான் வழியாகச் செய்த மாற்றங்கள் ரெஜிஸ்ட்ரி.போல் என்னும் கோப்பில் பதிவாகின்றன; அது இக்கோப்புறையில் இருக்கிறது, அழிகிறது, அடுத்த புதுப்பிப்பில் அதனால் விளைந்த மதிப்புகளும் பெரும்பாலும் அகல்கின்றன. ஆனால் கடவுச்சொல்லின் குறைந்தபட்ச நீளம், கணக்குப் பூட்டு, எந்தப் பயனர் எந்த வகையில் உள்நுழையலாம் என்ற உரிமைப் பகிர்வு முதலிய பாதுகாப்புக் கொள்கைகள் அந்தக் கோப்பில் இருப்பதில்லை. அவை இயங்குதளத்தின் தனிப் பாதுகாப்புத் தரவுத்தளங்களில் இருக்கின்றன. ஆகவே கோப்புறையை அழித்தவர், தாம் தொட்டதாக நினைக்கும் பாதிக் கொள்கைகளைத் தொடவே இல்லை. மறுபுறம், கணினி தொடங்கும்போதும் பயனர் உள்நுழையும்போதும் ஓட வேண்டுமென நிர்வாகி எழுதிவைத்த நிரல் கோப்புகள் வழக்கமாக இதே கோப்புறைக்குள்தான் வைக்கப்படுகின்றன. அமைப்பை மட்டும் நீக்குவதாக எண்ணி இடப்பட்ட கட்டளை, ஒருவர் எழுதிய நிரலையும் சேர்த்து, மறுசுழற்சித் தொட்டிக்குக்கூடப் போகாமல் அழித்துவிடுகிறது.

இச்செய்முறை மிகுதியாகப் பரிந்துரைக்கப்படுவது தீநிரல் தாக்கிய கணினிகளுக்குத்தான் என்பதால் அந்த நிலையைச் சற்று விரிவாகவே நோக்க வேண்டும். டாஸ்க் மேனேஜரைத் திறக்க விடாமல் தடுப்பது, ரெஜிஸ்ட்ரி தொகுப்பானை முடக்குவது, மறைந்த கோப்புகளைக் காட்டும் ஃபோல்டர் ஆப்ஷன்ஸ் பட்டியலை நீக்குவது ஆகியவை விண்டோஸ் எக்ஸ்பி காலத்துத் தீநிரல்கள் வழக்கமாகச் செய்த வேலைகள். கொள்கைக் கிளைகளில் எழுத சாதாரணப் பயனருக்கு உரிமை இல்லாதபோதும் இவை எழுத முடிந்ததன் காரணம், அக்காலத்தில் வீட்டுக் கணினிகளில் ஏறத்தாழ எல்லோரும் நிர்வாகி கணக்கிலேயே அன்றாட வேலையைச் செய்தார்கள் என்பதே. தீநிரல் ஜிபிஎடிட்டைத் திறந்து மாற்றம் செய்வதில்லை. அது ரெஜிஸ்ட்ரியின் கொள்கைக் கிளையில் நேரடியாக ஒரு மதிப்பை எழுதிவிட்டுப் போகிறது. ரெஜிஸ்ட்ரி.போல் கோப்புக்கு அந்த மதிப்பைப் பற்றி எதுவும் தெரியாது. அதனால் ஜிபிஎடிட்டில் சென்று பார்ப்பவருக்கு அந்த அமைப்பு 'கட்டமைக்கப்படவில்லை' என்றே காட்டும். ஆனால் டாஸ்க் மேனேஜர் திறக்காது. கோப்புறையை அழித்தாலும் திறக்காது, ஏனெனில் கொள்கை இயந்திரம் புதுப்பிப்பின்போது தான் எழுதியதாகக் குறித்துவைத்திருப்பவற்றை மட்டுமே நீக்குகிறது. எந்த நோய்க்கு இந்த மருந்து பெரிதும் பரிந்துரைக்கப்படுகிறதோ, அந்த நோயின் இடத்துக்கே மருந்து போய்ச் சேர்வதில்லை என்பது இதன் பொருள். ஜிபிஎடிட் தொகுப்பானே இடம்பெறாத ஹோம் பதிப்புக் கணினிகளுக்கும் இதே செய்முறை எழுதித் தரப்படுவது, எழுதுவோர் அதன் இயக்கத்தை ஆராய்ந்து பார்ப்பதில்லை என்பதையே காட்டுகிறது.

செய்முறையின் இரண்டாம் வரி இதைவிடக் கடுமையான விமரிசனத்துக்கு உரியது. முதல் வரி பெரும்பாலும் பயனற்றுப்போவது என்றால், இது ஊறு விளைவிக்கக்கூடியது. விண்டோஸ் எக்ஸ்பியிலும் அதற்கு முந்தியவற்றிலும், நிறுவலின்போது இயங்குதளம் தனக்கு இட்டுக்கொண்ட பாதுகாப்பு அமைப்புகள் ஒரு வார்ப்புருக் கோப்பில் எழுதிவைக்கப்பட்டன. பின்னர் அதே கோப்பைச் செக்எடிட் வழியாக ஏற்றினால் ஏறத்தாழ அதே நிலை திரும்பக் கிடைக்கும் என்ற எண்ணத்துக்கு அங்கே ஓர் அடிப்படை இருந்தது. விஸ்டாவிலிருந்து நிறுவல் முறையே மாறிவிட்டது. டீஃபால்ட்பேஸ் வார்ப்புருவில் உள்ளவை தொடக்கப் புள்ளி மட்டுமே. அதன் மேல் நிறுவல் செயல்முறை பல படிகளில் தன் அமைப்புகளைச் சேர்க்கிறது. பின்னர் நிறுவப்படும் ஒவ்வொரு கூறும் தன் பங்குக்குச் சேர்க்கிறது. இந்தப் படிகளை மீண்டும் ஓட்டிக்காட்டும் வழி எதுவும் இல்லை. இதனாலேயே, விஸ்டாவிலும் அதற்குப் பிந்தியவற்றிலும் இந்த வார்ப்புருவைச் செக்எடிட்டால் ஏற்றுவது இயல்பான பாதுகாப்பு அமைப்புகளை முழுமையாக மீட்காது என்றும், அது தங்கள் ஆதரவுக்கு உட்பட்ட வழி ஆகாது என்றும், இயங்குதளம் நிலைகுலையவும் கூடும் என்றும் மைக்ரோசாஃப்ட் தன் ஆதரவு ஆவணத்தில் எழுதியிருக்கிறது. இயங்குதளத்தைச் செய்தவரே வேண்டாம் என்று சொன்ன வழியை, அவர் பெயரைச் சொல்லியே பிறர் பரிந்துரைத்துக்கொண்டிருப்பது விந்தைதான்.

நிலைகுலைவு என்பது இங்கே அச்சுறுத்தலுக்காகச் சொன்ன சொல் அன்று. பயனர் உரிமைப் பகிர்வு என்ற பிரிவை எடுத்துக்கொண்டால், 'சேவையாக உள்நுழைதல்' என்பது அதில் ஓர் உரிமை. பின்னணியில் இடைவிடாது ஓடும் நிரலைச் சேவை என்பார்கள். தரவுத்தள மென்பொருள், காப்புப்படி எடுக்கும் மென்பொருள், கணக்கு மென்பொருளின் சேவையகப் பகுதி முதலியவை தமக்கெனத் தனிக் கணக்குகளைக் கொண்டு, நிறுவப்படும்போது இந்த உரிமையைத் தம் கணக்குக்குப் பெற்றுக்கொள்கின்றன. வார்ப்புரு ஒன்றை ஏற்றும்போது அதில் குறிக்கப்பட்ட உரிமைப் பட்டியல் ஏற்கெனவே உள்ள பட்டியலோடு சேர்க்கப்படுவதில்லை. பழைய பட்டியலை நீக்கிவிட்டு அந்த இடத்தில் அமர்கிறது. இயங்குதளம் பிறந்தபோது இருந்த கணக்குகள் மட்டுமே வார்ப்புருவுக்குத் தெரியும்; பிறகு வந்தவை எவையும் தெரியா. வார்ப்புரு தொட்ட உரிமையைப் பின்னாளில் பெற்றிருந்த சேவை, மறுதொடக்கத்தின்போது உள்நுழைவுத் தோல்வி என்ற 1069-ஆம் எண் பிழையோடு நின்றுவிடும். முடங்கியிருந்த ஒரு பட்டியலைத் திறக்கப் போய், அலுவலகத்தின் தரவுத்தளம் தொடங்காமல் போகும்போது, இரண்டுக்கும் இடையிலுள்ள தொடர்பை யாரும் எளிதில் கண்டுபிடிப்பதில்லை. கண்டுபிடித்தாலும் எந்தக் கணக்குக்கு எந்த உரிமை இருந்தது என்பதைச் சொல்லும் பதிவு அப்போது எஞ்சியிருப்பதில்லை.

இவ்வளவையும் ஒப்புக்கொள்பவர்கூட, இயல்புநிலை என்பது குறைந்தபட்சம் பாதுகாப்பான நிலை என்று வாதிடக்கூடும். இந்த வாதம் இயல்புநிலையை ஒரு நிலையான இடமாகக் கருதுகிறது. வரலாறு அதற்கு நேர்மாறாக இருக்கிறது. கணக்குப் பூட்டு என்பது, தவறான கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்ப இட்டால் கணக்கைச் சிறிது நேரம் மூடிவைக்கும் கொள்கை. நெடுங்காலம் இதன் இயல்பான மதிப்பு சுழியம், அதாவது எத்தனை முறை தவறாக இட்டாலும் கணக்கு மூடப்படாது. 2022 அக்டோபர் 11-இன் புதுப்பிப்பைத் தொடர்ந்து, பத்துத் தவறுகளுக்குப் பத்து நிமிடப் பூட்டு என்பது இயல்பானது. ஆனால் அந்தப் புதுப்பிப்பு உள்ளடங்கிய நிலையில் முதன்முதலாக அமைக்கப்பட்ட கணினிகளுக்கே அது தானாக வந்தது. முன்பே ஓடிக்கொண்டிருந்த கணினியில் அதே புதுப்பிப்பை ஏற்றினாலும் மதிப்பு தானாக மாறாது. நிர்வாகி கொள்கையாக விதிக்க வேண்டும். ஒரே பெயர், ஒரே பதிப்பெண் கொண்ட இரண்டு கணினிகளுக்கு இரண்டு வேறு இயல்புநிலைகள் என்றால், எதற்குத் திரும்புவதாகச் செய்முறை வாக்களிக்கிறது?

விற்பனையாளர் வைக்கும் இயல்பான மதிப்பு, முன்னாளைய மென்பொருளும் கருவிகளும் உடைந்துவிடாமல் இருக்க வேண்டும் என்ற கவலைக்கும் பாதுகாப்புக்கும் இடையே ஒரு குறிப்பிட்ட ஆண்டில் செய்துகொள்ளப்பட்ட சமரசம். அந்த ஆண்டு கடந்ததும் அது பழசாகிறது. யுஎஸ்பி கருவியைச் செருகியதும் அதிலுள்ள நிரல் தானாக ஓட வழிவிட்ட ஆட்டோரன் வசதி இதற்குத் தெளிந்த சான்று. 2008-இன் இறுதியில் தோன்றிய கான்ஃபிக்கர் என்ற புழு இவ்வழியிலும் பரவியது; விண்டோஸ் 7 அந்த வசதியை யுஎஸ்பி கருவிகளுக்கு நிறுத்தியே வெளிவந்தது; எக்ஸ்பிக்கும் விஸ்டாவுக்கும் 2011 பிப்ரவரியில்தான் மைக்ரோசாஃப்ட் அதைப் புதுப்பிப்பு வழியே பரவலாக நிறுத்தியது. இடைப்பட்ட காலத்தில் ஆட்டோரனைக் கொள்கையால் தடுத்துவைத்திருந்த ஒரு கணினியை இயல்புநிலைக்குத் திருப்பியவர், புழு நுழையும் வாசலைத் திறந்துவைத்தார். கோப்புப் பகிர்வு நெறிமுறையான எஸ்எம்பியின் முதல் பதிப்பிலிருந்த ஓட்டை வழியே 2017 மே மாதம் வானாக்ரை என்ற தீநிரல் பரவியது. அந்தப் பழைய நெறிமுறையின் சேவையகப் பகுதியை இயல்பாக நிறுவுவதை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது அவ்வாண்டு அக்டோபரில் வந்த விண்டோஸின் 1709 பதிப்பிலிருந்தே. ஒரு கணினியில் யாரோ மாற்றிவைத்த அமைப்பு என்பது கேடாகவே இருக்கும் என்ற அனுமானம் இச்செய்முறைக்குள் மறைந்திருக்கிறது. விற்பனையாளர் விழித்துக்கொள்ளும் முன்பே விழித்துக்கொண்ட ஒரு நிர்வாகியின் கைவேலையாகவும் அது இருக்கலாம்.

நிறுவனங்களில் உள்ள கணினிகளுக்கு வந்தால் செய்முறை நகைப்புக்குரியதாகவே ஆகிவிடுகிறது. அங்கே கணினிகள் டொமைன் எனப்படும் மைய நிர்வாகத்தின் கீழ் இணைக்கப்பட்டு, கொள்கைகள் மையச் சேவையகத்திலிருந்து இறங்குகின்றன. உள்ளூர்க் கொள்கை முதலில் செயல்படும், மையத்துடையது அதன் மேல் எழுதும். இந்தப் புதுப்பிப்பு இயல்பாகத் தொண்ணூறு நிமிடங்களுக்கு ஒருமுறை, அதோடு முப்பது நிமிடங்கள் வரை கூடுதல் இடைவெளி சேர்த்து, தானாக நடக்கிறது. ஊழியர் காலையில் அழித்தது மதிய உணவுக்கு முன் திரும்பிவிடும். மையத்தின் தரப்பிலும் இதே ஆசைக்கு ஒரு கருவி உண்டு. டிசிஜிபிஓஃபிக்ஸ் என்னும் அது, டொமைனின் இரண்டு அடிப்படைக் கொள்கைத் தொகுப்புகளை நிறுவிய நாளின் நிலைக்குத் திருப்புகிறது. பேரிடர் மீட்புக்கான கடைசி வழி என்றே மைக்ரோசாஃப்ட் அதைக் கருதுகிறது. எக்ஸ்சேஞ்ச் என்னும் மின்னஞ்சல் சேவையகத்தை நிறுவும்போது, தணிக்கைப் பதிவுகளை நிர்வகிக்கும் உரிமை அதன் சேவையகக் குழுவுக்கு இந்தத் தொகுப்புகளுள் ஒன்றின் வழியாகவே தரப்படுகிறது. கருவியை ஓட்டினால் அந்த உரிமை போய்விடும், அதோடு அஞ்சல் சேவையும் நின்றுவிடக்கூடும்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். டொமைனில் சேராத தனிக் கணினியில், ஜிபிஎடிட்டில் விளையாட்டாக எதையெதையோ மாற்றிவிட்டு எதை மாற்றினோம் என்று மறந்துபோன ஒருவருக்கு, கோப்புறையை அழிப்பது உண்மையாகவே உதவுகிறது, மறுக்க வேண்டியதில்லை. பழுதுபார்க்கும் கடையில் ஒரு கணினிக்கு ஒதுக்கக்கூடிய நேரம் குறைவு, ஒவ்வோர் அமைப்பையும் ஆராய்ந்துகொண்டிருக்க முடியாது என்பதும் உண்மையே. ஆனால் முதல் வாதம் ஒரு குறுகிய நிலைமைக்கு மட்டும் பொருந்துவது. அதை எல்லாக் கணினிக்கும் எல்லா முடக்கத்துக்கும் உரிய பொது மருந்தாக விரிப்பதைத்தான் இங்கே மறுக்க வேண்டியிருக்கிறது. நேரக்குறைவு என்ற இரண்டாம் வாதமோ தன் கணக்கைப் பாதியில் நிறுத்திவிடுகிறது. நின்றுபோன சேவையைத் தேடும் நேரமும், மீண்டும் வந்த தீநிரலுக்காகக் கணினி இரண்டாம் முறை கடைக்கு வரும் நேரமும் அந்தக் கணக்கில் சேர்வதில்லை. ஒரு பூட்டு இறுகிப்போனதற்காக வீட்டின் எல்லாப் பூட்டுகளையும் கழற்றியவர், கதவு உடனே திறந்தது என்று வாதிட்டால் யாரும் ஏற்கப்போவதில்லை.

உண்மையில், காரணத்தைக் கண்டுபிடிப்பது பரவலாக நம்பப்படும் அளவுக்கு நெடிய வேலையும் அன்று. ஜிபிஎடிட்டில் நிர்வாக வார்ப்புருக்களின் கீழுள்ள 'அனைத்து அமைப்புகள்' என்ற பிரிவை நிலை வாரியாக வரிசைப்படுத்தினால், யாரேனும் மாற்றிய அமைப்புகள் மட்டும் ஒன்றாகத் திரண்டு தெரியும். தனிக் கணினியில் அவை ஒரு கைவிரல் எண்ணிக்கையைத் தாண்டுவது அரிது. ஜிபிரிசல்ட் என்னும் கட்டளை, நடைமுறையில் உள்ள கொள்கைகளையும் அவை எந்தத் தொகுப்பிலிருந்து வந்தன என்பதையும் ஓர் அறிக்கையாகவே எழுதித் தருகிறது. இந்த அறிக்கையை ரெஜிஸ்ட்ரியின் கொள்கைக் கிளைகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில்தான் நுட்பம் இருக்கிறது. அறிக்கையிலும் ரெஜிஸ்ட்ரியிலும் ஒரு மதிப்பு இருந்தால் அதை விதித்தவர் நிர்வாகி. அறிக்கையில் இல்லாமல் ரெஜிஸ்ட்ரியில் மட்டும் இருந்தால், கொள்கை இயந்திரத்துக்குத் தெரியாமல் ஏதோ ஒரு நிரல் நேரடியாக எழுதியிருக்கிறது. அது தீநிரலாக இருக்கலாம், அமைப்புகளைச் சீர்செய்வதாகச் சொல்லிக்கொள்ளும் இலவச மென்பொருளாகவும் இருக்கலாம். எதுவாயினும் முதலில் தேட வேண்டியது அந்த நிரலை. அது கணினியில் இருக்கும் வரை எத்தனை முறை திருப்பினாலும் மதிப்பு மீண்டும் எழுதப்படும். மொத்தமாக அழிக்கும் செய்முறையின் மிகப் பெரிய கேடு இங்கேதான் வெளிப்படுகிறது: நிர்வாகி எழுதியதையும் அயலார் எழுதியதையும் பிரித்துக் காட்டக்கூடிய ஒரே சான்றை அது முதல் வரியிலேயே அழித்துவிடுகிறது.

தீநிரல் எவ்வளவு தூரம் நுழைந்தது என்று தெரியாத கணினிக்கு இயல்புநிலை தேவைதான். அதைத் தருவது இயங்குதளத்தை நம்பகமான ஊடகத்திலிருந்து புதிதாக நிறுவுவது ஒன்றே. நிறுவல் செயல்முறையின் எல்லாப் படிகளும் அப்போதுதான் மறுபடி ஓடுகின்றன. மேலே சொன்ன ஆதரவு ஆவணத்தின் தர்க்கமும் அதையே சுட்டுகிறது. காரணம் தெரிந்த பிற நிலைகளுக்கு அந்த ஒரு கொள்கையை மட்டும் 'கட்டமைக்கப்படவில்லை' என்ற நிலைக்கு மாற்றுவதே போதும். இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு, புதிய நிறுவலின் தூய்மையும் தராமல், தனி மாற்றத்தின் துல்லியமும் தராமல் இருப்பதுதான் இன்று பரிந்துரைக்கப்படும் மூன்று வரிச் செய்முறை.

இதைத் தொடர்ந்து எழுதிவருவோரிடம் உடனடியாக எதிர்பார்க்கக்கூடியது சிறிதளவுதான். செக்எடிட் வரியைத் தம் கையேடுகளிலிருந்து அவர்கள் முழுமையாக நீக்க வேண்டும். கோப்புறையை அழிக்கும் வரியை விடவே முடியாதெனில், அதற்கு முன்னே இரண்டு வரிகளைச் சேர்க்க வேண்டும்: அந்தக் கோப்புறைகளை வேறோர் இடத்தில் படியெடுத்துவைப்பது ஒன்று, செக்எடிட்டின் ஏற்றுமதிக் கட்டளையால் நடப்புப் பாதுகாப்பு அமைப்புகளை ஒரு கோப்பில் எழுதிவைப்பது மற்றொன்று. இரண்டும் விண்டோஸோடு வருபவை, செலவில்லாதவை, ஒரு நிமிடத்துக்குள் முடிபவை.